பூங்காவைக் காத்த அன்னையர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கடற்கரையில் அமைந்துள்ளது நியூயார்க்கு மாநகரம். அதன் நடுநாயகமாக விளங்குவது மன்ஹாட்டன் என்னும் தீவு. வடக்குத் தெற்காக நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் அத்தீவின் பெரும்பகுதியில், தெருக்கள் சதுரங்கப் பலகையின் கோடுகளைப்போல ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்கின்றன. 1811-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற நகரமைப்புத் திட்டத்தின் பயன் அது. ஆனால், தீவின் தென்பாகத்தில் உள்ள கிரீனிச் வில்லேஜ் என்னும் பகுதி அத்திட்டத்திற்கு முன்பே மக்கள் குடியேறி வாழ்ந்த ஊராகும். ஆதலின் அதன் தெருக்கள் பழைய போக்கிலேயே வளைந்தும் கோணியும் செல்கின்றன. மேற்கு நான்காம் தெரு, தனக்கு இணையாகச் செல்லவேண்டிய மேற்குப் பத்தாம் தெருவையே குறுக்கே வெட்டிச் செல்லும் விந்தையை அங்குக் காணலாம். புதிதாக வந்தவர் வழி தவறித் திகைப்பர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்க்கோ அக்கோணலே அழகு.

இப்பகுதியின் நடுவே ஒரு பூங்கா உள்ளது. அமெரிக்க நாட்டின் முதற் குடியரசுத் தலைவரது பெயரால் அது வாஷிங்டன் சதுக்கப் பூங்கா என வழங்குகிறது. அதன் பரப்பு ஏறத்தாழப் பத்து ஏக்கர். அதே தீவில் உள்ள சென்ட்ரல் பூங்கா 843 ஏக்கர் பரப்புடையது என்பதை நினைந்தால், இஃது எத்துணைச் சிறியது என்பது விளங்கும். ஆயினும், இச்சிறு பூங்காவைக் காக்கும்பொருட்டு அதன் அயலில் வாழ்ந்த மக்கள் ஏழாண்டுக் காலம் போராடினர். அப்போராட்டத்தை முதன்முதல் தொடங்கியவர்கள் கையில் குழந்தையும் குழந்தைவண்டியுமாகப் பூங்காவிற்கு வந்து சென்ற தாய்மார்கள்.

அந்நிலத்தின் வரலாறு பல திருப்பங்களை உடையது. பண்டு மினெட்டா என்னும் சிற்றோடை அவ்வழியே ஓடியது. 1797-ஆம் ஆண்டில் நகரத்தார் அந்நிலத்தை வாங்கி, ஏழைகளையும் உற்றார் அற்றவர்களையும் அடக்கம் செய்யும் இடுகாடாக வைத்தனர். மஞ்சட்காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் மாண்டவர் பலர் அங்கே புதைக்கப்பெற்றனர். 1825-இல் இடுகாடு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அது படையினர் அணிவகுத்துப் பயிலும் திடலாகியது. 1827-இல் பொதுமக்களுக்குரிய பூங்கா ஆகியது. பூங்காவைச் சுற்றிச் செல்வர்கள் செங்கல்லால் அழகிய வீடுகளைக் கட்டிக்கொண்டனர். புகழ்பெற்ற புதின ஆசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1843-இல் அதன் அருகில் பிறந்தவரே; தாம் 1880-இல் இயற்றிய புதினம் ஒன்றிற்கு அச்சதுக்கத்தின் பெயரையே அவர் சூட்டினார்.

பூங்காவின் வட எல்லையில், ஐந்தாம் பெருந்தெரு வந்து முடியும் இடத்தில், வெள்ளைச் சலவைக்கல்லாலாகிய வளைவு ஒன்று ஓங்கி நிற்கிறது. வாஷிங்டன் பதவி ஏற்ற நூறாம் ஆண்டு விழாவை ஒட்டி, 1889-இல் மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக ஒரு வளைவு எழுப்பினர். அது மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தமையால், பின்னர்க் கல்லிலேயே நிலையாக எழுப்பப்பெற்றது. ஸ்டான்ஃபோர்டு ஒயிட் என்னும் கட்டடக்கலைஞர் அதனை வகுத்தார். அதன் உயரம் 77 அடி.

காலம் செல்லச் செல்லச் செல்வர்களிற் பலர் வடக்கே குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் எழுத்தாளரும், ஓவியரும், இத்தாலி நாட்டினின்று வந்து குடியேறிய உழைப்பாளரும், நியூயார்க்குப் பல்கலைக்கழக மாணவரும் வந்து நிறைந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் ஓரிரண்டு அறைகளில் வாழ்ந்தவர்கள். முற்றமும் கொல்லையும் அவர்களுக்கு ஏது? பூங்காவே அவர்கட்கு முற்றம், பூங்காவே கொல்லை. காலையில் தாய்மார்கள் குழந்தைகளைக் கொணர்ந்து மணலில் விளையாட விடுவர். முதியோர் மரநிழலில் அமர்ந்து சதுரங்கம் ஆடுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவில் உள்ள நீரூற்றைச் சுற்றி இளைஞர் கூடி யாழ்போன்ற நரம்புக் கருவிகளை மீட்டி நாட்டுப் பாடல்கள் பாடுவர். நீரூற்றில் நீர் நின்றிருக்கும் வேளையில் அதன் வட்டத் தொட்டியே ஓர் அரங்கமாகிவிடும்.

இவ்வின்பத்திற்கு இடையூறாக ஒன்று இருந்தது. பூங்காவின் ஊடே ஒரு வண்டிப்பாதை சென்றது. 1870-களில் குதிரை வண்டிகளுக்காக அமைந்த பாதை அது. அக்காலத்தில் அதனால் பெருந்தீங்கு விளையவில்லை. மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னர் நிலைமை மாறியது. ஐந்தாம் பெருந்தெரு வழியே வந்த பேருந்துகள் வளைவின் உட்புறம் உள்ள திறந்த இடத்தைத் தாம் திரும்பும் இடமாகவும், ஓட்டுநர் இளைப்பாறும் இடமாகவும் கொண்டன. புகையும் இரைச்சலும் பூங்காவின் நடுவே நிலைபெற்றன. நீரூற்றினிடத்துச் செல்லவேண்டிய குழந்தை பாதையைக் கடந்தே செல்லவேண்டும். தாய் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும்.

இந்நிலையில்தான் நகரப் பூங்கா ஆணையர் இராபர்ட் மோசஸ் என்பவர் அப்பூங்காவைத் திருத்தி அமைக்க எண்ணினார். மோசஸ் எளியர் அல்லர். 1934-ஆம் ஆண்டு முதல் 1960-ஆம் ஆண்டுவரை அப்பதவியில் அவரே இருந்தார். அதனோடு பாலங்கள், நெடுஞ்சாலைகள், வீடமைப்பு முதலிய துறைகளின் பொறுப்புகள் பலவும் ஒருங்கே அவர் கையில் இருந்தன. ஒரே காலத்தில் 12 பதவிகளை வகித்ததும் உண்டு. மக்கள் வாக்களித்து அவரை எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுத்ததில்லை. ஆயினும், தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்களும் ஆளுநர்களும் அவருக்கு அஞ்சினர். அவர் செய்த நன்மைகளையும் மறைத்தல் ஆகாது. நகரம் முழுவதும் 600-க்கு மேற்பட்ட விளையாட்டிடங்களை அவர் அமைத்தார். கடற்கரையில் ஏழை மக்கள் நீராடி மகிழப் பெரிய பூங்காக்களை உண்டாக்கினார். நீச்சற் குளங்கள் கட்டினார். இத்தகையவர் ஒரு பூங்காவை வெட்டிச் சாலை போட முனைந்தது எதனால் எனின், வருங்காலம் மோட்டார் வண்டிக்கே உரியது என்று அவர் உறுதியாக நம்பினார். அத்துணைச் சாலைகளை அமைத்த அவருக்கு மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாது. இறுதிவரை அவர் அதனைக் கற்றுக்கொள்ளவே இல்லை. வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து கோப்புகளைப் பார்த்துக்கொண்டே செல்பவர்க்குச் சாலை வேறு விதமாகத் தோன்றும் போலும்.

1930-களிலேயே அச்சதுக்கத்தை மாற்றி அமைக்க அவர் முயன்று, அயலாரின் எதிர்ப்பால் கைவிட்டதுண்டு. 1950-களில் அவரது கருத்திற்குப் புதிய வலிமை கிடைத்தது. பூங்காவிற்குத் தெற்கே இருந்த பழைய கட்டடங்களை இடித்து, அங்கே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளை எழுப்பும் திட்டம் ஒன்று உருவாயிற்று. அவற்றிற்குச் செல்ல அகன்ற சாலை வேண்டும். ஐந்தாம் பெருந்தெருவைப் பூங்காவின் ஊடே தெற்கு நோக்கி நீட்டினால், அப்புறம் உள்ள தெருவும் 'தென் ஐந்தாம் பெருந்தெரு' எனப் பெயர் பெறும். நியூயார்க்கு நகரத்தில் ஐந்தாம் பெருந்தெருவில் வீடு என்பது பெருமைக்குரிய செய்தி. வாடகையும் அப்பெருமைக்கேற்ப உயரும். ஆகவே, ஒரு பெயரின்பொருட்டும் பூங்கா பிளவுபட இருந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

1952-இல் வெளிவந்த திட்டம், வளைவின் இரு பக்கங்களிலும் இரண்டு சாலைகள் பூங்காவை ஊடுருவிச் செல்லவேண்டும் என்றது. மூன்று ஆண்டுகட்குப் பின் மற்றொரு திட்டம் வந்தது. அதன்படி, 48 அடி அகலமுள்ள நால்வரிசைச் சாலை ஒன்று பூங்காவின் நடுவே தாழ்வாகத் தோண்டி அமைக்கப்பெறும். அதன்மேல் மக்கள் நடந்து செல்ல ஒரு பாலம் இருக்கும். வரைபடத்தில் பார்ப்பவர்க்கு அஃது ஒழுங்காகவே தோன்றியிருக்கும். குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு பாலமேறி இறங்கும் தாயின் கண்கொண்டு அதனைப் பார்த்தவர் வரைபடம் எழுதிய அறையில் ஒருவரும் இலர்.

அக்கண்கொண்டு பார்த்தவர் ஷெர்லி ஹேஸ் அம்மையார். அவர் நான்கு ஆண்மக்களின் தாய், அப்பகுதியில் குடியிருந்தவர். பதவியோ பட்டமோ செல்வமோ அவருக்கு இல்லை. 1952-இல் திட்டத்தைப்பற்றிக் கேள்வியுற்றதும், ஈடித் லயன்ஸ் முதலிய தோழியரோடு கூடி, வாஷிங்டன் சதுக்கப் பூங்காக் குழு என்னும் ஒரு குழுவை நிறுவினார். அவர்கள் துண்டு வெளியீடுகளை அச்சிட்டனர். பூங்காவின் வாயில்களில் நின்று விண்ணப்பத்திற்குக் கையொப்பம் வாங்கினர். செய்தித்தாள்களுக்கும் நகர அலுவலர்களுக்கும் இடைவிடாமல் கடிதம் எழுதினர். கையொப்பங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. மோசஸின் திட்டத்தை வேண்டா என்று கூறியவர் பலர். ஆனால் அவர்களிற் பெரும்பாலோர், 'இவ்வளவு அகலமான சாலை வேண்டா. சிறிய சாலை போதும்' என்றோ, 'இப்பொழுது உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்' என்றோ கேட்டனர். ஹேஸ் அம்மையாரும் லயன்ஸ் அம்மையாரும் அவ்வளவில் நிற்கவில்லை. புதிய சாலை வேண்டா என்பதோடு, பழைய பாதையும் வேண்டா என்றனர். பூங்காவினுள் மோட்டார் வண்டியே புகலாகாது. வண்டிப்பாதையாக உள்ள நிலமும் பூங்காவோடு சேர்தல்வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அக்காலத்தில் இது துணிவான எண்ணம். எங்கும் சாலைகளை அகலப்படுத்துவதே முன்னேற்றம் என்று கருதப்பட்ட காலத்தில், இருக்கும் சாலையை மூடுவதும் முன்னேற்றம் ஆகலாம் என்று அவர்கள் கண்டனர். அறிவர் சிலரும் இதனைப் பித்து என்று எண்ணினர்.

1955-ஆம் ஆண்டில் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் மற்றொரு பெண்மணி இதில் ஈடுபட்டார். அவர் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்கிரான்டன் நகரில் 1916-இல் பிறந்தவர். கட்டடக் கலையைப்பற்றிய திங்கள் இதழ் ஒன்றில் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். ஹட்சன் தெருவில் கணவரோடும் மக்களோடும் வாழ்ந்தவர். அலுவலகத்திற்கு மிதிவண்டியில் சென்று வந்தவர். தம் குழந்தைகளைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லும் வழக்கமுடையவராதலின், திட்டத்தைப்பற்றி அறிந்ததும் மேயருக்கும் மன்ஹாட்டன் பகுதித் தலைவருக்கும் கடிதம் எழுதினார். நகரத்தை வாழத்தக்கதாகச் செய்ய மக்கள் ஒருபுறம் முயல, நகராட்சியே அதனை வாழத்தகாததாகச் செய்ய மறுபுறம் முனைவது மனத்தைத் தளரச் செய்கிறது என்பது அவர் கடிதத்தின் கருத்து.

மன்ஹாட்டன் பகுதித் தலைவராக அக்காலத்தில் இருந்தவர் ஹூலன் ஜாக் என்பவர். கறுப்பர் இனத்தினின்று அப்பதவிக்கு வந்த முதல்வர் அவர். 1957-இல் அவர் இரு சாராரையும் இணக்க எண்ணி, 48 அடி வேண்டா, 36 அடி அகலமுள்ள சாலை போதும் என்றார். மோசஸ் அதனை ஏற்கவில்லை. 48 அடியினின்று இறங்கி வர அவர் மறுத்தார். மக்களிற் பலர், 'கிடைத்ததைப் பெற்றுக்கொள்வோம். பிடிவாதம் செய்தால் உள்ளதும் போய்விடும்' என்று கலங்கினர். அக்கலக்கம் இயல்பே, வலியோரோடு பொருதும் எளியோர்க்கு அது வாராதிருப்பது அரிது. ஆயின் ஹேஸ் அம்மையார் இதற்கும் இணங்கவில்லை. சாலை அகலமாயினும் குறுகலாயினும் பூங்கா இரண்டாகத்தான் பிளவுபடும். இன்று குறுகலாக உள்ள சாலையை நாளை அகலமாக்குவர் என்றார். மோசஸ் தம் பிடிவாதத்தால் இணக்கத்திற்கு இடமில்லாமற் செய்ததும் ஒருவகையில் அப்பெண்களுக்கே துணையாயிற்று என்னலாம்.

1958-இல் போராட்டம் புதிய உருவம் கொண்டது. அப்பகுதியில் சங்கங்கள் பல இருந்தன; அவற்றுள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதனவும் இருந்தன. ஒரு சங்கத்தின் தலைவர் மற்றொரு சங்கத்தின் மேடையில் ஏறமாட்டார். ஆகவே, அவை அனைத்தையும் ஒன்றாக்க முயன்று காலத்தைப் போக்காமல், புதிய கூட்டுக்குழு ஒன்றை அமைத்தனர். ரேமண்ட் ரூபினோ என்பவர் அதற்குத் தலைவர். அக்குழுவின் பெயர் மிக நீண்டது: 'நெருக்கடிக்கால வண்டிகள் தவிர மற்றவற்றிற்கு வாஷிங்டன் சதுக்கப் பூங்காவை மூடுவதற்கான கூட்டு அவசரக் குழு' என்பது அதன் பொருள். இத்துணை நீண்ட பெயர் எதற்கு என்று நகைக்கத் தோன்றும். அப்பெயரில்தான் அவர்களது திறம் இருந்தது. குழுவின் நோக்கம் முழுவதும் பெயரிலேயே அடங்கியிருந்தமையின், அதனோடு உடன்படுவோர் வேறு எக்கருத்தினராயினும் அஞ்சாமல் அதில் சேரலாம். கட்சி வேறுபாடும் சங்க வேறுபாடும் வாயிலிலேயே நின்றுவிட்டன. தீயணைக்கும் வண்டிக்கும் நோயாளர் வண்டிக்கும் வழி விடுவோம் என்பதும் பெயரிலேயே இருந்தமையால், எதிர்ப்போர்க்குக் குறை கூற இடம் இல்லாமற் போயிற்று.

குழுவினர் மற்றொரு நுட்பமும் செய்தனர். பாதையை என்றென்றைக்கும் மூடுக என்று முதலிலேயே கேளாமல், சோதனையாகச் சில காலம் மூடிப் பாருங்கள் என்று கேட்டனர். விளைவு தீதாயின் மீண்டும் திறந்துவிடலாம் அன்றோ? இதனை மறுப்பது நகர மன்றத்தார்க்கு எளிதன்று.

அறிஞர் பலர் அவர்கட்குத் துணை நின்றனர். மறைந்த குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூசுவெல்ட்டின் துணைவியார் எலினோர் ரூசுவெல்ட் அம்மையார் முன்னர் அப்பூங்காவின் மேற்குப் பக்கத்தில் குடியிருந்தவர். அவர் ஆதரவு தந்தார். நகர வரலாற்றில் வல்லவரான லூயி மம்ஃபோர்டும், மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் அம்மையாரும் ஆதரித்தனர். 1955-இல் தோன்றிய 'வில்லேஜ் வாய்ஸ்' என்னும் கிழமை இதழ் மூடுதலை வற்புறுத்தி எழுதியது. சிறுவர் சிறுமியரும் வாளா இருக்கவில்லை. அவர்கள் அறிவிப்புத் தாள்களைச் சுமந்து சென்று ஒட்டினர். பூங்காவில் மேசையிட்டு அமர்ந்து, வருவோர் போவோரைக் கையொப்பம் இடுமாறு வேண்டினர். கோப்புகளால் அசையாத அலுவலரும் செய்தித்தாளில் வெளிவந்த குழந்தைகளின் படத்தைக் கண்டு சற்றே அசைந்தனர்.

எனினும், அறிஞர் சொல்லும் குழந்தைகள் முயற்சியும் மட்டுமே வெற்றியைத் தந்தன என்று கூறின் அஃது உண்மையாகாது. அக்காலத்து நியூயார்க்கு நகர அரசியலில் பெருஞ்செல்வாக்கு உடையவராக விளங்கியவர் கார்மைன் டிசாப்பியோ என்னும் கட்சித் தலைவர். அவரும் கிரீனிச் வில்லேஜில் குடியிருந்தவர். அப்பகுதி வாக்காளரின் ஆதரவை நாடி நின்றவர். அயலாரெல்லாம் ஒரே குரலில் கேட்கும் ஒன்றை மறுத்தால் தம் வீட்டு வாயிலிலேயே செல்வாக்கு இழக்க நேரும் என்பதை அவர் நன்கு அறிவார். 1958-ஆம் ஆண்டு செப்டம்பரில் நகர மதிப்பீட்டு மன்றம் இப்பொருளைக் குறித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. மேயரும், நகரக் கணக்குத் தலைவரும், நகரவைத் தலைவரும், ஐந்து பகுதித் தலைவர்களும் சேர்ந்தது அம்மன்றம். நிலத்தையும் பணத்தையும்பற்றிய பெரிய முடிவுகளை அக்காலத்தில் அதுவே செய்தது. 1990-இல் அஃது ஒழிக்கப்பெற்றது. டிசாப்பியோ அம்மன்றத்தின்முன் வந்து, பூங்காவை வண்டிகட்கு மூடுதலே தக்கது என்று பேசினார். நகரத்தார் வியந்தனர். பெண்கள் ஆறாண்டுகளாகக் கூறி வந்ததை, அவர் ஒருவர் ஒருநாள் கூறியதும் மன்றத்தார் செவி சாய்த்தனர்.

அந்நாளைய விசாரணை ஒன்றில் மோசஸ் சினந்து எழுந்து, 'இதனை எதிர்ப்பவர் எவரும் இலர். தாய்மார் கூட்டம் ஒன்றுதான் எதிர்க்கிறது' என்னும் கருத்துப்படக் கூவிவிட்டு, வெளியேறினார் என்று ஜேக்கப்ஸ் அம்மையார் முதுமையில் நினைவு கூர்ந்துள்ளார். இகழ்ச்சியாகக் கூறிய சொல் அது. ஆயினும், அந்நாள்வரை நடந்ததைச் சுருக்கமாக உரைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேறு அமைவது அரிது.

அவ்வாண்டு அக்டோபரில் மன்றம் சோதனையாகப் பாதையை மூட இசைந்தது. நவம்பர் முதல் நாள் பூங்காவில் ஒரு விழா நடந்தது. சாலை திறக்கும் விழாவில் நாடாவைக் கத்தரிப்பது வழக்கம். இது சாலை மூடும் விழா. ஆதலின் நாடாவை வெட்டாமல் முடிந்தனர்! ஜேக்கப்ஸ் அம்மையாரின் மூன்று வயது மகளும் மற்றொரு சிறுமியும் நாடாவின் இரு பக்கங்களையும் பிடித்து நின்றனர். ஹேஸ் அம்மையாரும், ரூபினோவும், டிசாப்பியோவும் அருகில் இருந்தனர்.

இனி, சோதனையின் விளைவைக் காண்போம். பாதையை மூடினால் சுற்றிலும் உள்ள தெருக்கள் வண்டிகளால் நிரம்பித் திணறும் என்று நகரப் போக்குவரத்து ஆணையர் எச்சரித்திருந்தார். அது பொருளற்ற அச்சம் அன்று. போக்குவரத்து வல்லுநர் பலரும் வண்டிகளின் ஓட்டத்தை வாய்க்கால் நீரைப்போலக் கருதினர். ஒரு மடையை அடைத்தால் நீர் வேறு மடையைத் தேடிப் பெருகும். எங்கும் வழி இல்லையேல் கரையை உடைக்கும். வண்டிகளும் அவ்வாறே என்பது அவர்கள் கொள்கை. இதன்படி, பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களை அகலப்படுத்தவேண்டும், பூங்காவின் மூலைகளைச் சீவி வளைக்கவேண்டும் என்றும் சிலர் கூறினர். அயலார் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

மூடிய பின்னர் வண்டிகளை எண்ணிப் பார்த்தனர். சுற்றுத் தெருக்களில் வண்டிகள் பெருகவில்லை. பெரும்பாலான கணக்குகளில் சிறிதளவு குறைந்தே காணப்பட்டன. ஐந்தாம் பெருந்தெருவின் தென்பகுதியில் அக்குறைவு தெளிவாகவே தெரிந்தது. அவ்வண்டிகள் எங்குச் சென்றன? நகரில் வேறு எங்கும் அவற்றின் சுவடு தோன்றவில்லை. ஜேக்கப்ஸ் அம்மையார் இதனை நெடிது ஆராய்ந்தார். வண்டியோட்டுபவர் நீர்த்துளி அல்லர். எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் மாந்தர். வழி எளிதாயின் வண்டியை எடுப்பர். அரிதாயின் வேறு நேரத்திற் செல்வர், அல்லது சுரங்க இரயிலில் ஏறுவர், அல்லது நடந்து செல்வர், அல்லது செல்லாமலே இருந்துவிடுவர். சாலையை அகலப்படுத்தினால் வண்டிகள் பெருகும். அதனால் மேலும் அகலப்படுத்த நேரும். நகரம் சிறிது சிறிதாகத் தேய்ந்து சாலையாகவே மாறும். இதற்கு மறுதலையாக, நகரத்தார் தமக்கு வேண்டிய பிற பயன்களுக்கு இடத்தை மீட்டுக்கொண்டால் வண்டிகள் தாமே குறையும். இக்கருத்தை அவர் 1961-இல் வெளியிட்ட 'பெரிய அமெரிக்க நகரங்களின் சாவும் வாழ்வும்' என்னும் பொருளுடைய நூலில் இப்பூங்காவையே சான்றாகக் காட்டி விளக்கினார். நகரமைப்புக் கலை பயில்வோர் உலகெங்கும் பின்னாளில் கற்கும் நூலாக அது நிலைபெற்றது. ஹேஸ் அம்மையாரும் லயன்ஸ் அம்மையாருமே முதலிற் கண்டவர் என்பதை அந்நூலில் அவர் மறவாமல் குறித்துள்ளார். பிறர் கண்டதைப் பிறர்க்கே உரியதாகக் கூறும் இப்பண்பு எழுத்தாளரிடத்துப் பெரிதும் காணப்படுவதன்று.

1959-இல் மூடுதல் நிலையாக்கப்பெற்றது. பேருந்துகள் மட்டும் இன்னும் சில ஆண்டுகள் வளைவின் அருகே வந்து திரும்பிக்கொண்டிருந்தன. 1963-இல் அவையும் நீங்கின. தென் ஐந்தாம் பெருந்தெரு என்னும் பெயர் வரைபடத்தோடு நின்றுவிட்டது. மோசஸ் 1960-இல் பூங்கா ஆணையர் பதவியை விட்டார். மன்ஹாட்டன் தீவின் தென்பாகத்தைக் குறுக்கே வெட்டிச் செல்ல அவர் வகுத்திருந்த மற்றொரு பெரிய விரைவுச்சாலைத் திட்டமும், ஜேக்கப்ஸ் அம்மையாரும் அப்பகுதி மக்களும் எதிர்த்து நின்றதனால், 1969-இல் முற்றிலும் கைவிடப்பட்டது. ஜேக்கப்ஸ் அம்மையார் அதற்கு முந்திய ஆண்டே கனடா நாட்டு டொரான்டோ நகருக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்து, 2006-இல் அங்கே காலமானார். ஹேஸ் அம்மையார் 2002-இல் மறைந்தார்.

வண்டிகள் நீங்கிய பூங்காவை எவ்வாறு திருத்தி அமைப்பது என்னும் வினா அதன்பின் எழுந்தது. இம்முறை வரைபடம் நகர அலுவலகத்தில் மட்டும் உருவாகவில்லை. அப்பகுதியிலேயே வாழ்ந்தவரும், நிலவனப்புக் கலைஞரும் கவிஞருமான இராபர்ட் நிக்கல்ஸ் என்பவர் அயலாரோடு கலந்து பேசித் திட்டம் வகுத்தார். நீரூற்றைச் சுற்றியிருந்த இடம் சிறிது தாழ்த்தப்பட்டு, மக்கள் அமர்ந்து காணும் அரங்கம்போல ஆக்கப்பெற்றது. பேருந்து திரும்பிய இடம் கூடி நிற்கும் முற்றமாயிற்று. இவ்வேலை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறைவெய்தியது.

அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து நகரத்தார் பூங்காவை மீண்டும் புதுப்பிக்க முனைந்தனர். நீரூற்று, வளைவுக்கு நேராக இல்லாமல் சற்றே ஒதுங்கி இருந்தது. அதனை 22 அடி நகர்த்தி, வளைவுக்கும் ஐந்தாம் பெருந்தெருவுக்கும் நேராக அமைப்பது புதிய திட்டம். கோணல் தெருக்களிடையே வாழ்ந்து பழகிய அப்பகுதி மக்களிற் பலர், நீரூற்றின் கோணலும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றனர், வழக்குமன்றமும் ஏறினர். இம்முறை அவர்கள் கருத்து வெல்லவில்லை. 2007-இன் இறுதியில் வேலை தொடங்கியது. 2009-இல் நீரூற்று புதிய இடத்தில் நீரைச் சொரிந்தது. இளவேனிற் காலத்தில் குழந்தைகள் அதில் இறங்கி நனைந்து விளையாடுகின்றனர். எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களிடையே இருக்கக்கூடும்.

ஐந்தாம் பெருந்தெரு வழியே வடக்கிலிருந்து வரும் மோட்டார் வண்டிகள் வளைவை அணுகியதும் நின்று, பூங்காவின் ஓரமாகத் திரும்பிச் செல்கின்றன. வளைவின் கீழே நடப்போர் மட்டுமே புகுகின்றனர்.